பேரு இன்னா எழுதணும்

கேக் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வி எடையைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ இருக்காது. "யாருக்கும்மா?" என்பார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு கையையும் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். எத்தனை அவசரத்தில் வந்தவரும் அந்தப் பார்வைக்குக் கொஞ்சம் நின்றுவிடுவார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன பேக்கரியில் நான் ஐசிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடை அக்காவின் தம்பியுடையது. அவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். காலையில் பன், ரொட்டி, பஃப்ஸ் எல்லாம் அவர் கையால் வேகும். மதியத்துக்கு மேல் கேக் வேலை என்னுடையது. கவுண்டர் அக்காவுடையது. எனக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. கிரீம் அடிக்கிற மிக்ஸர் ஓடாத நேரத்தில் அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். ஒரு கிலோ கேக், மகள் பேரை எழுத வேண்டும் என்றார். அக்கா வழக்கம்போல யாருக்கு என்றார். காதலித்துப் போன மகள், மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, இப்போது முதல் முறையாக வீட்டுக்கு வருகிறாள் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். சொல்லி முடித்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அவ வூட்டுக்காரன் பேரையும் கூட எய்திடட்டுமா?"

அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எய்துங்க. அவன் பேரு கொஞ்சம் பெரிசு. எடம் பத்துமா?" என்றார்.

"பத்த வெப்போம்," என்றார் அக்கா.

கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில் அக்கா தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று கடையில் யாரும் பேச மாட்டோம். அவரே எப்போதாவது, பஃப்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "கவுண்டர்ல உக்காந்துக்கினு கீறேன், தம்பி வூட்ல சும்மா ஒண்ணும் துன்னல," என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார். சொல்லிவிட்டு உடனே துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்போதெல்லாம் ஆர்டர் எழுதுவதற்கு ஒரு முறையே கிடையாது. கையில் கிடைத்ததில் எழுதுவார். ரொட்டி சுற்றும் காகிதம், கிழித்த காலண்டர் தாள், சில நேரம் உள்ளங்கை. மற்றதெல்லாம் மனதில் இருக்கும். "அந்த பச்சைச் சட்டைப் பையன் இருக்கான் பாரு, அவனுக்கு பட்டர்ஸ்காட்ச். தங்கச்சிக்கு முந்திரி ஆவாதாம், மேல தூவிடாத," என்று தடுப்புக்கு மேல் தலையை நீட்டிச் சொல்வார். அது பிசகியதே இல்லை.

பிசக ஆரம்பித்தது நான் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து. மகேஷ் என்று சொன்னவருக்கு கணேஷ் என்று எழுதி வந்தது. புதன்கிழமை கேட்டவர் புதனன்று வந்து நிற்க, எங்களிடம் வெள்ளி என்று இருந்தது. முட்டை சேர்க்காத கேக் கேட்ட வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக் போய், அவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அண்ணன் கத்தினார்.

"இன்னாக்கா உனுக்கு? ஆளு எதிர்ல நின்னு சொல்றாரு, காதுல வாங்கறதில்லயா?"

அந்த வாரமே அக்கா நாற்காலியைத் தூக்கி எதிர்ப்பக்கச் சுவரோரம் போட்டுக்கொண்டார். வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்றார். தன் இடது பக்கம் வாடிக்கையாளர்கள் நிற்கும்படி உட்கார்ந்தார் என்பது எனக்குப் பிற்பாடு யோசிக்கும்போது பிடிபட்டது.

பிறகு ஒரு நாள் காஞ்சிபுரம் போய்வந்தவர் பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தார். அச்சடித்த ஆர்டர் சீட்டு. என்றைக்கு வேண்டும், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ, எந்த ருசி, முட்டை உண்டா இல்லையா, மேலே எழுத வேண்டிய பெயர், விலாசம், போன் நம்பர். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கோடு. அந்தச் சீட்டையும் பேனாவையும் வாடிக்கையாளர் பக்கம் தள்ளி, "நீங்களே உங்க கையால எய்தி குடுத்துடுங்க. உங்க புள்ள பேரு உங்களுக்குத்தான் சரியா எய்த வரும்," என்பார். கேக் படங்களை வரிசையாக நம்பர் போட்டுக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினார். எதையும் சொல்லவே வேண்டாம், விரலால் தொட்டுக் காட்டினால் போதும். எழுத வராதவர்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு எய்தி குடுடி," என்பார். கையெல்லாம் கிரீமோடு நான் வந்து கேட்டுக் கேட்டு எழுதுவேன். அக்கா என் பேனா போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

சீட்டு நேராக என் மேஜைக்கு வந்துவிடும். எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்வேன். தப்பு நின்றுபோனது. அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எல்லாம் எங்க அக்கா ஐடியா. பத்தாங்கிளாஸ் தாண்டல, பாரு எப்டி செட் பண்ணி வெச்சிக்கீது," என்பார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாரும் சிரித்த பிறகு சிரிப்பார்.

அடுத்ததாகப் போனை எடுப்பதை நிறுத்தினார். கடை போனில் வாட்ஸ்அப் போட்டு, அந்தச் சீட்டில் இருப்பதையே ஒரு மெசேஜாகத் தட்டி வைத்தார். யார் கூப்பிட்டாலும் எடுக்காமல் அந்த மெசேஜை அனுப்பிவிடுவார். அதை நிரப்பி அனுப்பினால் ஆர்டர் பதிவு. கேக் தயாரானதும் இன்னொரு மெசேஜ். "உங்கள் கேக் தயார். இதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும். வாழ்த்துகள்." கடைசி வார்த்தையைச் சேர்க்கச் சொன்னதும் அக்காதான். "வெறும் தயார்னு போட்டா ரேஷன் கடை மாதிரி கீது," என்றார்.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். யாருக்கு என்று அக்கா கேட்பது எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டம் அதிகமாகிவிட்டது, அதனால் பேச நேரமில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஒரு வாலிபன் வந்தான், தம்பி என்று கூப்பிடுகிற வயசு. சீட்டை அவனேதான் நிரப்பினான். ஒரு கிலோ, வெனிலா. பெயர் எழுதும் கோட்டில் "பிறந்ததும் சொல்கிறோம்" என்று எழுதியிருந்தான். பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம். குழந்தையோடு வீட்டுக்கு வரும் நாளில் வெட்டுவதற்கு. மானாம்பதி போகிற வழியில் ஏதோ ஊர். முதல் குழந்தை என்பதால் முகமெல்லாம் பல்லாக இருந்தான். சீட்டைப் பார்த்து அக்காவும் நானும் சிரித்தோம்.

ஒரு வாரம் போயிருக்கும். மதியம் நான் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன். மிக்ஸர் சத்தத்தில் அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. தடுப்பு வழியாக அந்தத் தம்பி நிற்பது தெரிந்தது. ஏதோ சொன்னான். அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்து நின்று என்னமோ கேட்டார். அவன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னான். அக்கா இன்னும் ஏதோ கேட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டு, படி இறங்கி, செருப்பை விட்ட இடம் தெரியாதவன்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான்.

அக்கா பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"பையனாம்டி! பேரு இன்னா எய்தணும்னு கேட்டேன், இன்னும் வெக்கல போல, தலைய ஆட்டிட்டான். நீ நல்லா நீலத்துல பூ போட்டு வை."

நான் நீலப் பூ போட்டேன். நடுவில் ஒரு சின்னத் தொட்டில் வரைந்தேன்.

மறுநாள் யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலம் அக்கா கடை போனிலிருந்து அந்த மெசேஜை அனுப்பினார். கேக் தயார், வாழ்த்துகள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எழுத்தாக வரவில்லை, குரல் பதிவாக வந்தது. அக்கா போனைக் காதில் வைத்தார், மறு காதில் வைத்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"இது இன்னா சொல்லுது பாரு. ஒரே எரச்சலா கீது."

இரைச்சல் எதுவும் இல்லை. ஒரு பெண் குரல், அந்தத் தம்பியின் அக்கா, தெளிவாகப் பேசினாள்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி கீதா? கேக்கு வேணாம், கொயந்த தங்கலன்னு சொல்றதுக்குத்தான் எங்க தம்பி வந்தான். அவன்கிட்ட சிரிச்சிக்கினே பையனா பொண்ணா, பேரு இன்னா எய்தணும்னு கேட்டீங்களாமே. நேத்துலேர்ந்து அவன் ஒரு வாய் துன்னல. இப்ப வாழ்த்துன்னு மெசேஜ் வேற போட்றீங்க. நல்லாருங்கம்மா."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி? எப்ப வர்றாங்களாம்?"

"அக்கா, கொயந்த இல்லயாம்."

"கொயந்த இன்னா?"

"கொயந்த தங்கலயாம்கா."

"இன்னா சொல்ற, சரியா சொல்லேன்."

நான் சத்தமாகச் சொன்னேன். பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் என் உதட்டைப் பார்த்தபடி, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இரண்டு தோளையும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"கொயந்த. செத்துப். போச்சு."

அக்கா மைதா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, எத்தனை சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல், கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலடி. ரொம்ப நாளா கேக்கல. அவன் வாயையே பாத்துக்கினு இருந்தேன். கொயந்தன்னு சொன்னது தெரிஞ்சுது. மத்தத நானே நெனச்சிக்கினேன்."

உள்ளே அடுப்படியிலிருந்து அண்ணன் வந்து நின்றார். அவர் காதிலும் விழுந்திருந்தது. "சொல்லியிருக்கலாமேக்கா," என்றார். அதுவும் அக்காவுக்குக் கேட்கவில்லை. அண்ணன் வெளியே போய் பைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

ஏன் மறைத்தார் என்று அக்கா அன்று சாயங்காலமே எனக்குச் சொன்னார். அவருடைய மாமியாருக்குக் காது கேட்காதாம். "செவுடி செவுடின்னு ஒரு வூடே கூப்புடும். அந்தம்மா எதிர்லயே அந்தம்மாவப் பத்திப் பேசி சிரிப்பாங்க. நானும் புதுசா வந்த பொண்ணு, கூட சேந்து சிரிச்சேன். அது எல்லார் மூஞ்சியும் பாத்து, நாமளும் சிரிக்கணும் போலன்னு சிரிக்கும். அது மாதிரி நான் ஆவக் கூடாதுன்னு இருந்தேன்டி."

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் அக்காவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். காது நரம்பு பலவீனம், கேட்பது இன்னும் குறையும் என்றார்கள். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அக்கா கடைக்கு வந்தபோது மிக்ஸரும் பஸ் ஹாரனும்தான் பெரிதாகக் கேட்டன, மனிதக் குரல் எதுவும் சேர்ந்து வரவில்லை. கொஞ்ச நாளில் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். கவுண்டருக்கு வருவதும் நின்றது. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்டர் எல்லாம் சீட்டிலும் போனிலும் தானாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது, அவர் செய்துவைத்தபடியே. அதைக் கவனிக்க அங்கே ஒரு ஆள் உட்கார வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. நாற்காலி இருந்த இடத்தில் கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜ் வந்தது. அக்கா வாலாஜாபாத்தில் தன் பெரிய அக்கா வீட்டோடு போய்விட்டார். எனக்கும் கல்யாணமாகி வேறு ஊர். போன தை மாதம் அண்ணன் போட்ட மெசேஜைப் பார்த்துத்தான் அக்கா இறந்துபோனது தெரிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்தத் தம்பியின் ஊருக்குப் போன நாள்தான் திரும்பத் திரும்ப வந்தது.

குரல் பதிவு வந்ததற்கு மறுநாள் காலையில் அக்கா ஒரு நூல் புடவை கட்டிக்கொண்டு வந்து, "என்கூட வாடி," என்றார். அண்ணன் தானே போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. சீட்டில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனோம். தகர ஷீட் போட்ட வீடு. வாசலில் அந்தத் தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் உள்ளேயிருந்து வேகமாக வந்தவள் அவனுடைய அக்கா என்று குரலை வைத்தே தெரிந்துகொண்டேன்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க? கேக்கு குடுக்கவா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தத் தம்பிக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல. நான் சிரிச்சது நீ வேற சொன்னன்னு நெனச்சிக்கினு. நீ சொன்னத நான் வாங்கிக்கவே இல்ல. அதான் வந்தேன். இப்ப சொல்லுப்பா. இந்தப் பக்கம் சொல்லு."

இடது காதைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அவன் தன் அக்காவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எழுந்து வந்து அவர் காதருகில் என்னமோ சொன்னான். அக்கா குனிந்தபடியே இருந்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அப்போதும் அவர் அசையவில்லை. அதற்குப் பிறகு அவன் கத்தினான்.

"எம் புள்ள செத்துட்டான்கா!"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவன் எங்கள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "செத்துட்டான்கா, செத்துட்டான்கா," என்று சொல்லிச் சொல்லி அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவன் அழவே இல்லையாம். அவனுடைய அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே பாயில் அவன் பெண்டாட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயதிருக்கும். மார்பைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துண்டையும் மீறி ரவிக்கை நனைந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் கையை அசைத்துக் கூப்பிட்டாள். அக்கா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து குனிந்தார். அவள் அவருடைய கழுத்தைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்து என்னமோ சொன்னாள். வாசற்படியில் நின்ற எனக்கே அது கேட்கவில்லை. அவள் சொன்னது அக்காவின் வலது காதில். அக்கா தலையாட்டினார். அவளுடைய தலையை வருடிக் கொடுத்தார். வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வெளியே வந்தோம். அப்படிப்பட்ட வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது.

பஸ் நிற்கும் இடம் வரை அக்கா வேகமாக நடந்தார். நான் அவருக்கு முன்னால் வந்து நின்று, வாய் தெரியும்படி கேட்டேன்.

"அந்தப் பொண்ணு இன்னாக்கா சொன்னா?"

"பேரு சொன்னாடி. கொயந்த பேரு. அவ மனசுக்குள்ளயே ஒண்ணு வெச்சிக்கினு இருந்திருக்கா. என்ன இழுக்கறதுக்கு முன்னாடி பேருன்னு வாய் அசஞ்சது தெரிஞ்சுது." முந்தானையை இழுத்துச் செருகினார். "இன்னா பேருன்னு காதுல கேக்கல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ வூட்ல யாரும் அவள கேட்டிருக்க மாட்டாங்கடி. போன புள்ளைக்கு எதுக்குப் பேருன்னு உட்டுருப்பாங்க. நான்தான் அன்னிக்கு கடையில கேட்டேன். நான் கேட்டேன்னு அவ சொல்லிட்டா."

மானாம்பதியிலிருந்து வரும் பஸ் வந்து நின்றது. நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்குக் கையை நீட்டினேன். அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். "ஏறும்மா," என்றார் கண்டக்டர். அக்கா வைத்த காலை எடுத்துவிட்டார். நானும் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

"நானும் வரேன்க்கா."

"வேணாம். நீ இரு."

அவர் திரும்பி அந்த வீட்டை நோக்கி நடந்தார். ரோட்டில் போனவர்கள் அவரை நின்று பார்த்தார்கள். அந்தத் தம்பி எழுந்து நிற்பதும், அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும் தூரத்திலிருந்து தெரிந்தது. நான் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள்.

அக்கா திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேட்டுட்டேன்," என்றார். நான் பேர் என்னவென்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் உதடு சத்தமில்லாமல் ஒரு தரம் அசைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.